கேம்பர்வேன் வாங்கப் போகிறோம்: கூடுதல் வாரண்டி எடுக்கலாமா, கடையின் சர்வீஸை எப்படி எடைபோடுவது?

புக்கிட் மெர்தாஜம் டீச்சர்:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் வீட்டுக்காரரும் பணி ஓய்வை நெருங்கிவிட்டோம். ஒரு கேம்பர்வேன் வாங்கி, மாமியாரையும் கூட்டிக்கொண்டு மலேசியாவை நிதானமாகச் சுற்றிவர வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. மாமியாருக்கு 78 வயது. ஹோட்டல் கட்டிலும் கழிப்பறையும் அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை. வண்டியிலேயே அவருக்கென்று ஓர் இடம் இருந்தால் கெரிக் வழியாகக் கோத்தா பாரு போய், அப்படியே கிழக்குக் கரையோரமாகக் குவாந்தான் வரை இறங்கலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம்.

இரண்டு இடத்தில் பார்த்தோம். ஒன்று, கோலாலம்பூருக்கு அருகே சுங்கை பூலோ பக்கம் பெரிய ஷோரூம். புது நிசான் என்வி350 வேனில் கட்டில், 12 வோல்ட் ஃபிரிட்ஜ், கூரை ஏர்கான், லித்தியம் பேட்டரி, சின்னக் கழிப்பறை எல்லாம் போட்டு இரண்டு லட்சம் வெள்ளிக்குச் (ரிங்கிட்) சற்று மேலே சொல்கிறார்கள். உள்ளே கட்டியதற்கு ஒரு வருட வாரண்டி. மேற்கொண்டு 8,500 வெள்ளி கட்டினால் ‘ஐந்து வருட முழுப் பாதுகாப்பு’ என்று ஒரு திட்டம். அதையும் கார் லோனிலேயே சேர்த்துவிடலாம், மாதத்துக்குக் கொஞ்சம்தான் கூடும் என்கிறார் விற்பனையாளர்.

மற்றொன்று எங்களுக்குப் பக்கத்தில், ஜூருவில் ஒரு சின்னப் பட்டறை. ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் (பழையதைச் சீர்செய்த) டொயோட்டா ஹையேஸ் கேம்பர். விலை 40 ஆயிரம் குறைவு. வாரண்டி பற்றிக் கேட்டால், “ஏதாச்சும்னா கொண்டு வாங்க சிஸ்டர், பார்த்துக்கலாம்” என்கிறார் முதலாளி. நல்ல மனிதராகத்தான் தெரிகிறார்.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். அந்த 8,500 வெள்ளிக்கு உண்மையில் என்ன கிடைக்கும்? அப்புறம், வண்டியை விற்ற பிறகு எங்களை ஒழுங்காகக் கவனிப்பார்களா என்று வாங்குவதற்கு முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது? விற்பனை மேசையில் எல்லாரும் அன்பாகத்தான் பேசுகிறார்கள். வயதானவரைக் கூட்டிக்கொண்டு போகிற வண்டி. நடுவழியில் நின்றுவிடக் கூடாது என்பதே என் கவலை.

கிள்ளான்காரன்:

டீச்சர், 8,500 கட்ட வேண்டாம். என் மைத்துனர் வேறொரு கடையில் இதே மாதிரி திட்டம் எடுத்தார். கூரை ஜன்னல் ஓரமாகத் தண்ணீர் இறங்கி, கட்டிலுக்கு மேலே இருந்த பலகை ஊறி உப்பிவிட்டது. கொண்டு போனால், “நீர்க்கசிவால் வரும் சேதம் இதில் வராது” என்று 14-ஆம் பக்கத்தைக் காட்டினார்கள். கூரையில் ஓட்டை போட்டதும் அவர்கள், அடைத்ததும் அவர்கள். பலகைக்கு இவர்தான் காசு கொடுத்தார். காசைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறை ஒயர்மேன்:

வணக்கம் டீச்சர். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கார் நிறுவனத்தின் சர்வீஸ் பிரிவில் வாரண்டி கிளெய்ம் பார்க்கும் மேசையில் பல வருடம் வேலை செய்தேன். இப்போது பிறையில் வேன்களுக்கும் மீன்பிடிப் படகுகளுக்கும் பேட்டரி ஒயரிங் செய்கிறேன். அதனால் இந்த விவகாரத்தின் இரண்டு பக்கமும் பழக்கம்.

முதலில் ஒன்று மனதில் இருக்கட்டும். கேம்பர்வேன் பார்க்க ஒரே வண்டி, வாரண்டி என்று வந்தால் மூன்று. இன்ஜின், கியர், பிரேக் எல்லாம் வேன் நிறுவனத்தின் பொறுப்பு. கட்டில், அலமாரி, கூரை ஓட்டை, ஒயரிங், தண்ணீர்க் குழாய் ஆகியவை உள்ளே கட்டியவரின் பொறுப்பு. ஃபிரிட்ஜ், ஏர்கான், இன்வெர்ட்டர், பம்ப் ஒவ்வொன்றுக்கும் அதைத் தயாரித்தவரின் தனி வாரண்டி அட்டை உண்டு. சிக்கல் எப்போதும் இவை சந்திக்கிற இடத்தில்தான் வரும். ஓர் உதாரணம்: ஓடும்போது வீட்டு பேட்டரிக்கு (உள்ளே விளக்கு, ஃபிரிட்ஜை ஓட்டுவது) சார்ஜ் ஏற, இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தருகிற ஆல்டர்னேட்டரிலிருந்து ஒயர் இழுத்திருப்பார்கள். நாளைக்கு ஆல்டர்னேட்டர் போனால் வேன் நிறுவனம், “நீங்கள் ஒயரை மாற்றியதால் வந்த கோளாறு” என்று கையை விரிக்கும். கட்டியவர், “ஆல்டர்னேட்டர் எங்களுடையது இல்லை” என்பார். நடுவில் நீங்கள். ஆகவே கடைக்காரரிடம், “உங்கள் வேலையால் வேனின் வாரண்டி மறுக்கப்பட்டால் அந்தச் செலவை நாங்கள் ஏற்கிறோம்” என்று லெட்டர்ஹெட்டில் ஒரு வரி எழுதிக் கேளுங்கள். தன் ஒயரிங்மேல் நம்பிக்கை உள்ளவர் கொடுப்பார். தயங்கினால் அந்தத் தயக்கமே உங்களுக்குப் பதில்.

இப்போது 8,500 வெள்ளிக்கு வருவோம். இதை வாரண்டி என்று அழைப்பதே பேச்சு வழக்குதான். அமெரிக்காவில் ஆர்வி (இதே மாதிரி வீட்டு வசதி வண்டி) வாங்குகிறவர்களிடையே இது பழைய விவாதம். அங்கே 1975-இல் வந்த மேக்னசன்-மாஸ் சட்டம் இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்கிறது. பொருளின் விலைக்குள்ளேயே வருவது வாரண்டி. தனியாகக் காசு கொடுத்து வாங்குவது சர்வீஸ் ஒப்பந்தம். நம் ஊரிலும் விஷயம் அதேதான். நீங்கள் வாங்கப்போவது ஓர் ஒப்பந்தம், அதற்கு எழுத்துதான் உயிர். அதனால் பளபளப்பான விளம்பரத் தாளைப் பார்க்காதீர்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் முழு ஒப்பந்தத்தையும் வாட்சப்பில் அனுப்பச் சொல்லி, வீட்டில் உட்கார்ந்து படியுங்கள்.

படிக்கும்போது பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். பாகங்களைப் பட்டியல் போட்டு ‘இவை மட்டும் அடங்கும்’ என்கிறதா, இல்லை ‘இவை தவிர எல்லாம் அடங்கும்’ என்கிறதா? முதல் வகையில், பட்டியலில் பெயர் இல்லாத ஒரு சின்ன ரிலே போனாலும் உங்கள் செலவு. இரண்டாம் வகைதான் மேல், ஆனால் அதிலும் விலக்குப் பட்டியலை வரிவரியாகப் படிக்க வேண்டும். நீர்க்கசிவு, சீலண்ட் (இடுக்கை அடைக்கும் பசை), தேய்மானம், துரு, ‘பராமரிப்புக் குறைவு’ என்ற சொற்கள் எங்கே இருக்கின்றன என்று தேடுங்கள். நம் மழைக்கும் வெயிலுக்கும் கேம்பரில் முதலில் போவது கூரை சீலண்ட். சீலண்ட் தேய்மானப் பொருள், அது போனதால் வந்த நீர்ச்சேதம் விலக்கு என்று இரண்டு வரி சேர்ந்து இருந்தால், கிள்ளான் நண்பரின் மைத்துனருக்கு நடந்ததுதான் நடக்கும்.

ஐந்து வருடம் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்று கேளுங்கள். வண்டி எடுத்த நாளிலிருந்து என்றால், முதல் வருடம் எப்படியும் இலவச வாரண்டியில் இருக்கிறது. நீங்கள் காசு கொடுப்பது நான்கு வருடத்துக்குத்தான். ஒரு கிளெய்முக்கு உச்சவரம்பு எவ்வளவு, மொத்தத்துக்கு எவ்வளவு, ஒவ்வொரு முறையும் நீங்கள் கைக்காசு போட வேண்டுமா? கழற்றிப் பார்த்த பிறகு ‘இது அடங்காது’ என்றால் கழற்றிய கூலி யார் தலையில்? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேம்பரில் ஒரு பம்பை எட்டுவதற்குக் கட்டிலையும் அலமாரியையும் கழற்ற வேண்டி இருக்கும். பம்பின் விலை சில நூறு வெள்ளிதான், கூலி அதைத் தாண்டிப் போகும்.

ஒப்பந்தத்துக்குப் பின்னால் நிற்பவர் யார் என்பதையும் கேளுங்கள். கடைக்காரரே தருகிற வாக்கு என்றால், கடை மூடினால் வாக்கும் போச்சு. வேறு நிறுவனம் என்றால் அதன் பெயர், முகவரி, கிளெய்ம் செய்யும் எண் ஆகியவை ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

லோனில் சேர்ப்பது பற்றி. ஃபிளாட் வட்டி (கடைசி வரை முழுத் தொகைக்கும் வட்டி) வருடத்துக்கு 3.5 விழுக்காடு, 9 வருடம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 8,500-க்கு வட்டி மட்டும் 2,677 வெள்ளி 50 சென். ஆக நீங்கள் கட்டுவது 11,177 வெள்ளி 50 சென். அதிலும் பாதுகாப்பு ஐந்தாம் வருடம் முடிந்துவிடும், தவணையோ ஒன்பதாம் வருடம் வரை ஓடும். எடுப்பதென்று முடிவு செய்தால் ரொக்கமாகக் கட்டுங்கள். லோனோடு கலக்காதீர்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. காகிதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேலையைச் செய்யப்போவது ஒரு பட்டறை, அதில் இரண்டு கைகள். அவை யாருடைய கைகள் என்று பார்க்காமல் பணம் கட்டக் கூடாது.

வேலை நாளில் காலையில் போங்கள். ஷோரூமுக்குள் நுழையாதீர்கள், நேராகச் சர்வீஸ் பக்கம் போங்கள். அங்கே நிற்கிற வண்டிகளின் வைப்பர் இடுக்கைப் பாருங்கள். காய்ந்த இலையும் தூசியும் குவிந்திருந்தால் அந்த வண்டி வாரக்கணக்காக யாரும் தொடாமல் நிற்கிறது. ஒன்றிரண்டு பரவாயில்லை, பாகம் வரக் காத்திருக்கலாம். வரிசையாக அப்படி நின்றால் யோசியுங்கள். மேசையில் இருப்பவரிடம், “கூரை ஏர்கான் வேலை செய்யவில்லை, எப்போது கொண்டு வரலாம்?” என்று சாதாரணமாகக் கேளுங்கள். அடுத்த வாரம் என்கிறாரா, அடுத்த மாதம் என்கிறாரா? விற்பனையாளர் சொன்னதோடு அது பொருந்துகிறதா? ஒயரிங் செய்தவர் இன்னும் அங்கேயே வேலை செய்கிறாரா, இல்லை வெளியே வேறு பட்டறைக்கு அனுப்புகிறார்களா? வெளியே அனுப்பினால் அந்தப் பட்டறை எது? பம்ப், ஃபியூஸ், குழாய் இணைப்பு மாதிரி அடிக்கடி போகிற சாமான்கள் கையிருப்பில் இருக்கின்றனவா, அலமாரியைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல கடையில் பெருமையாகக் காட்டுவார்கள்.

காத்திருக்கிற வாடிக்கையாளர் யாராவது இருந்தால் ஒரு காப்பி வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள். கடை கொடுக்கிற ‘திருப்தியான வாடிக்கையாளர்’ எண்களைவிட அது பத்து மடங்கு மேல்.

இன்னொன்று, நீங்கள் இருப்பது புக்கிட் மெர்தாஜத்தில். சுங்கை பூலோ போக முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். பம்ப் கசிகிறது என்றால் அவ்வளவு தூரம் ஓட்டுவீர்களா? வடக்கே ஒரு பட்டறையில் செய்துவிட்டு ரசீது அனுப்பினால் ஏற்பார்களா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கெரிக்-ஜெலி சாலையில் வண்டி மாவு சலிக்கிற மாதிரி ஆடும். திருகுகள் தளர்வது சகஜம். சின்னச் சின்ன வேலை நிச்சயம் வரும், அதற்கெல்லாம் கோலாலம்பூர்ப் பக்கம் போய்க்கொண்டிருக்க முடியாது.

ஜப்பான் ஹையேஸ் பற்றி ஒரு வார்த்தை. வண்டி நல்ல வண்டி. ஆனால் ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230 வோல்ட். உள்ளே இருக்கிற மைக்ரோவேவ், சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் 100 வோல்ட்டுக்குச் செய்தவையாக இருக்கலாம். வெளியே கரண்ட் சொருகும் இடத்தில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருக்கிறார்களா, சாமான்களையே மாற்றிவிட்டார்களா என்று கேளுங்கள். 12 வோல்ட் விளக்கும் ஃபிரிட்ஜும் பிரச்சினை இல்லை. ஜூரு முதலாளிக்கு இதற்கு உடனே பதில் தெரிந்தால் அவர் வேலை தெரிந்தவர். “அதெல்லாம் ஓகே சிஸ்டர்” என்று மட்டும் சொன்னால் நம்பாதீர்கள்.

கெப்போங் அம்மா:

எல்லாரும் வேண்டாம் வேண்டாம் என்கிறீர்கள். எனக்கு அந்தத் திட்டம் கைகொடுத்தது என்பதையும் டீச்சர் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றாம் வருடம் கூரை ஏர்கானின் கம்ப்ரஸர் போய்விட்டது. முழு ஏர்கானையும் மாற்றிக் கொடுத்தார்கள், கூலியும் சேர்த்து. அந்த ஒரு வேலையிலேயே நான் கட்டியதில் பெரும்பகுதி திரும்பி வந்துவிட்டது.

ஆனால் அது சும்மா நடக்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூரை சீலண்ட் பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. ஒவ்வொரு முறையும் போய், ரசீதில் தேதியும் வேலையின் பெயரும் எழுதச் சொல்லி, எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்திருந்தேன். கிளெய்ம் செய்தபோது அவர்கள் முதலில் கேட்டது அந்த ரசீதுகளைத்தான். ஏர்கான் வேலை செய்யவில்லை என்றதும் நானே யாரையும் கூப்பிட்டுக் கழற்றவில்லை. முதலில் கிளெய்ம் எண்ணுக்கு அழைத்து, அனுமதி எண் வாங்கிய பிறகுதான் வண்டியைக் கொடுத்தேன். நமக்குத் தெரிந்த ஃபோர்மன் (மெக்கானிக்) திறந்து பார்த்துவிட்டால் அதோடு கிளெய்ம் போய்விடும்.

நான் இருப்பது கெப்போங்கில், பட்டறை பக்கத்தில்தான். டீச்சருக்கு அந்த வசதி இல்லை, அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஏர்கான் பற்றி இன்னொன்று. எங்களிடம், “இரவு முழுக்க ஓடும்” என்று சொல்லித்தான் விற்றார்கள். இரண்டு மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்துவிடும். அது கோளாறா, இல்லை அவ்வளவுதானா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பிறை அண்ணன் சொல்ல வேண்டும்.

பிறை ஒயர்மேன்:

அம்மா, பேட்டரி எத்தனை ஆம்ப்-மணி என்று பாருங்கள். 12.8 வோல்ட், 200 ஆம்ப்-மணி என்றால் 2,560 வாட்-மணி. கூரை ஏர்கான் ஆயிரம் வாட் இழுத்தால், இன்வெர்ட்டரில் போகிற இழப்பையும் கழித்து, இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுமேல் ஓடும். அது கோளாறு இல்லை, கணக்கே அவ்வளவுதான். அதனால் எந்த வாரண்டியும் அதற்குக் காசு தராது. விற்கும்போது சொன்ன வார்த்தைதான் தப்பு.

இன்னொன்றும் உண்டு. வெயிலில் மூடிக் கிடக்கிற வேனில் சூடு ரொம்ப ஏறினால் லித்தியம் பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று தானாகவே மூடிக்கொள்ளும். கட்டிலுக்கு அடியில் காற்றே போகாத பெட்டியில் பேட்டரியை வைத்திருந்தால் இது அடிக்கடி நடக்கும். பலர் பேட்டரி கெட்டுவிட்டது என்று நினைத்துக் கடைக்கு ஓடுகிறார்கள். டீச்சர், உங்கள் வண்டியில் பேட்டரி எங்கே இருக்கிறது, காற்றுப் போக வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்க ஏர்கான் ஓடும் என்று சொல்லியிருந்தால் அதை விற்பனை ஆர்டரிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதும்போது பேச்சு மாறும்.

மாமியார் இரவில் ஏர்கானை நம்பித் தூங்கப் போகிறார் என்றால், வெளிக் கரண்ட் இணைப்பு உள்ள இடங்களில் தங்குகிற மாதிரிப் பயணத்தைத் திட்டமிடுங்கள்.

ஜார்ஜ்டவுன் குமாஸ்தா:

வக்கீல் ஆபீஸில் வேலை செய்கிறேன். சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் கூடுதல் வாரண்டி விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

நீங்கள் காசு கட்டாமலேயே உங்களுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32-ஆவது பிரிவுப்படி, விற்கிற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். தரம் என்பதில் பொருள் தாங்கி நிற்பதும் அடங்கும். விலையையும் பொருளின் தன்மையையும் வைத்துத்தான் அளப்பார்கள். இரண்டு லட்சம் வெள்ளி வண்டியின் கூரை பதினான்காம் மாதத்தில் ஒழுகினால், “எங்கள் வாரண்டி பன்னிரண்டு மாதம்தான்” என்பது மட்டும் முடிவான பதில் ஆகாது. ‘இந்தச் சட்டம் பொருந்தாது’ என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினாலும் செல்லாது, 6-ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. நியாயமான காலத்துக்குள் சரிசெய்து தரக் கடைக்காரர் மறுத்தால், வேறு இடத்தில் செய்துகொண்டு நியாயமான செலவைக் கேட்கலாம்.

37-ஆவது பிரிவு உதிரிபாகங்கள் பற்றியது. பழுதுபார்க்கும் வசதியும் பாகங்களும் நியாயமான காலத்துக்குக் கிடைக்க வேண்டும் என்கிறது. ஆனால் ‘பாகங்கள் கிடைக்கும் என்று உறுதி தரவில்லை’ என வாங்கும்போதே உங்களுக்குத் தெரிவித்துவிட்டால் அந்த உறுதி போய்விடும். ஆகவே கையெழுத்துப் போடுகிற காகிதங்களில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் வண்டிகளில் இது முக்கியம்.

தகராறு வந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம். முன்பு 25,000 ஆக இருந்ததை 2019-இல் உயர்த்தினார்கள். பொதுவாக வக்கீல் வைக்க முடியாது, நீங்களே பேச வேண்டும். பிரச்சினை எழுந்த மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். முழு வண்டியின் விலை அந்த வரம்பைத் தாண்டும், ஆனால் பழுதுச் செலவு பெரும்பாலும் தாண்டாது. அங்கே உங்களைக் காப்பாற்றுவது காகிதம்தான்: விற்பனை ஆர்டர், விற்பனையாளர் அனுப்பிய வாட்சப், பழுதின் படங்கள், தேதிகள். தொலைபேசியில் பேசினால் முடிந்ததும், “இன்று நீங்கள் சொன்னது இது” என்று ஒரு செய்தி அனுப்பி வையுங்கள்.

புக்கிட் மெர்தாஜம் டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு பொறுமையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. பள்ளி விடுமுறையில் இரண்டு இடத்துக்கும் மறுபடி போய் வந்தோம்.

ஜூரு முதலாளியிடம் 100 வோல்ட் பற்றிக் கேட்டேன். தெளிவாகப் பதில் சொன்னார். வெளி இணைப்பில் டிரான்ஸ்ஃபார்மர் போட்டிருக்கிறார், மைக்ரோவேவை எடுத்துவிட்டார். வேலை தெரிந்தவர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால், “என்னென்ன பொறுப்பு ஏற்பீர்கள் என்று ஒரு தாளில் எழுதித் தாருங்கள்” என்றதும், “எழுத்தெல்லாம் எதுக்கு சிஸ்டர், நம்ம ஆளுங்கதானே” என்று பேச்சை மாற்றிவிட்டார். அலமாரியைத் திறந்தபோது ஈர வாடையும் வந்தது. மனசு ஒப்பவில்லை.

சுங்கை பூலோவில் சர்வீஸ் பக்கம் நேராகப் போனோம். இலை குவிந்த வண்டி ஒன்றுதான் கண்ணில் பட்டது. கேட்டால், வெளிநாட்டிலிருந்து கண்ணாடி வர வேண்டும் என்று அந்த உரிமையாளருக்கு அனுப்பிய செய்தியையே காட்டினார்கள். ஒயரிங் செய்கிற தம்பி அங்கேயேதான் இருக்கிறார். ஆல்டர்னேட்டர் கேள்வியைக் கேட்டதும் எங்களைக் கையோடு கூட்டிப்போய், ஒயர் எந்த வழியாகப் போகிறது, ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்று காட்டினார். என் வீட்டுக்காரருக்கு அந்தத் தம்பியை ரொம்பப் பிடித்துவிட்டது.

ஒப்பந்தத்தை அனுப்பச் சொன்னதும் விற்பனையாளர் கொஞ்சம் இழுத்தடித்தார். ‘எல்லாருக்கும் ஒரே மாதிரிதான்’ என்றார். விடாமல் கேட்டேன், அனுப்பினார். பாகங்களின் பட்டியல் போட்ட வகை. வண்டி எடுக்கிற நாளிலிருந்து தொடக்கம். ஒரு கிளெய்முக்கு 3,000 வெள்ளி வரைதான். நீர்ச்சேதம் விலக்கு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர்களின் பட்டறைக்கே வந்து கூரையைக் காட்ட வேண்டும், செலவு நம்முடையது. டோல், டீசல், ஒரு நாள் அலைச்சல் எல்லாம் சேர்த்தால் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. கெப்போங்கில் இருந்திருந்தால் ஒருவேளை எடுத்திருப்பேன்.

ஆகவே வண்டியை அங்கே எடுக்கிறோம், கூடுதல் திட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அந்த 8,500-ஐ ஏஎஸ்எம் முதலீட்டுக் கணக்கில் தனியாகப் போட்டு, வண்டிக்கென்றே வைக்கப் போகிறோம். அதற்குப் பதிலாக அவர்களிடம் இரண்டு விஷயம் கேட்டு, விற்பனை ஆர்டரிலேயே எழுதி வாங்கினேன். முதல் வருடத்தில் சின்னப் பழுதென்றால் படம் அனுப்பி, அவர்கள் சம்மதம் சொன்னதும் வடக்கே ஒரு பட்டறையில் செய்துகொள்ளலாம், ரசீதுக்குப் பணம் தருவார்கள். அவர்கள் போட்ட ஒயரிங்கால் வேனின் வாரண்டி மறுக்கப்பட்டால் பொறுப்பு அவர்களுடையது. இரண்டாவதற்கு மேனேஜர் வரை போக வேண்டி இருந்தது, கடைசியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இரண்டு கேள்வி பாக்கி. மீதிப் பணம் கட்டுவதற்கு முன் வண்டியை எப்படிச் சோதிப்பது? அடுத்தது, நாங்கள் போகாத நாட்களில் வாடகைக்கு விடலாம், அதனால் வண்டியை அவன் கம்பெனி பெயரில் வாங்கலாம் என்கிறான் என் மகன். சரிதானா?

பிறை ஒயர்மேன்:

நல்ல முடிவு டீச்சர். சோதனைக்கு ஒரு முழு இரவு கேளுங்கள். அவர்கள் இடத்திலேயே வண்டியை நிறுத்தி நீங்கள் இருவரும் உள்ளே தூங்குங்கள். தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு, அலமாரிக்கு உள்ளே டார்ச் அடித்து இணைப்புகளைத் தொட்டுப் பாருங்கள். ஃபிரிட்ஜை மாலையிலேயே போட்டு, காலையில் உள்ளே எவ்வளவு குளிர் என்று பாருங்கள். ஏர்கானை பேட்டரியில் ஓட்டி எத்தனை மணி நேரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். காலையில் கூரை மேல் அரை மணி நேரம் ரப்பர் குழாயால் தண்ணீர் பீய்ச்சச் சொல்லுங்கள். ஏர்கான், கூரை ஜன்னல், சோலார் ஒயர் இறங்கும் துளை, மூன்றின் உட்பக்கத்தையும் கையால் தடவிப் பாருங்கள். ஈரம் அளக்கும் கருவி என்னிடம் இருக்கிறது, வேண்டுமானால் பிறைக்கு வந்து எடுத்துக்கொண்டு போங்கள். குறை எது தெரிந்தாலும் பட்டியல் எழுதி, அவர்கள் கையெழுத்து வாங்கி, சரிசெய்த பிறகு மீதிப் பணத்தைக் கட்டுங்கள். “முதலில் எடுத்துக்கொண்டு போங்கள், அடுத்த சர்வீஸில் பார்ப்போம்” என்பதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஜார்ஜ்டவுன் குமாஸ்தா:

மகனிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள் டீச்சர். நான் முன்பு எழுதிய சட்டம் சொந்தப் பயனுக்கு வாங்குகிறவருக்குத்தான். வாடகைக்கு விடும் நோக்கத்தில் வாங்கினால் அது வியாபாரம். தீர்ப்பாயத்தில் எதிர்த்தரப்பு முதலில் எழுப்பப்போகும் ஆட்சேபம் அதுவாகத்தான் இருக்கும். அதோடு, ஓட்டுநர் இல்லாமல் வண்டியை வாடகைக்கு விட அபாட் (தரைப் பொதுப் போக்குவரத்து முகமை) உரிமம் வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக்கு எடுத்த இன்சூரன்ஸும் வாடகைக்குப் போன நேரத்தில் நடந்த விபத்துக்குக் கைகொடுக்காது. உங்கள் பெயரிலோ வீட்டுக்காரர் பெயரிலோ எடுங்கள். இன்சூரன்ஸ் எடுக்கும்போது உள்ளே கட்டியவற்றின் மதிப்பையும் அறிவித்து, பாலிசியில் அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வேன் விலைக்கு மட்டும் எடுத்துவிட்டால் கட்டிலும் பேட்டரியும் ஏர்கானும் கணக்கில் வராது. ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவில் வண்டி கேம்பராக மாற்றப்பட்டது ஏறியிருக்கிறதா, புஸ்பாகோம் வாகனச் சோதனை நிலையத்தின் தாள் இருக்கிறதா என்பதையும் மீதிப் பணம் கட்டும் முன் கேட்டு, நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.